சிறுநீரக எம்.ஆர்.ஐ. படம் ஐயம் தந்தால்: உடலின் நீர் அளவிலிருந்து தொடங்கும் பிழை நீக்கும் வழிமுறை

சிறுநீரக எம்.ஆர்.ஐ. எடுக்கும் அறையில் எழும் குழப்பங்களில் பல கருவியாலும் வருவதில்லை, நோயாலும் வருவதில்லை. வந்தவர் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார், எவ்வளவு குடித்தார், எப்போது சிறுநீர் கழித்தார் என்பதிலிருந்தே அவை வருகின்றன. வயிற்று ஸ்கேன் என்றதும் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி அனுப்புகிறோம். அதை ஒரு வாய் தண்ணீரும் கூடாது என்று பொருள் கொண்டு, முந்தைய இரவிலிருந்து எதையும் அருந்தாமல், சித்திரை வெயிலில் தொலைதூரப் பேருந்தில் வந்து இறங்குவோர் பலர். வேறு சிலர், அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பழகிய நினைவில், பெரிய பாட்டில் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கியபடி காத்திருக்கிறார்கள். இருவருடைய சிறுநீரகங்களும் முற்றிலும் நலமாக இருந்தாலும் அவர்களின் படங்கள் ஒன்றுபோல் அமையமாட்டா.

இந்த வழிமுறை எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பர்களுக்கும் படம் வாசிக்கப் பழகும் இளம் மருத்துவர்களுக்கும் எழுதப்பட்டது. ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், செலவும் ஆபத்தும் மிகுந்த காரணம் இறுதியிலும் வருகின்றன. மருந்து, ஊசி, சலைன் பற்றிய முடிவு எல்லா இடத்திலும் மருத்துவருடையதே.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

மேசையில் ஏற்றுவதற்கு முன்பே சில செய்திகளைப் படிவத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும். கடைசியாக நீர் அருந்திய நேரமும் அளவும், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரமும், அன்று காலை உட்கொண்ட மருந்துகளும் அதில் இருக்க வேண்டும். மருந்துகளைக் கேட்கும்போது லாசிக்ஸ் போன்ற நீர் மாத்திரைகள், வலி மாத்திரைகள், பலகட்டிச் சிறுநீரக நோய்க்கும் கொடுக்கப்படும் டோல்வாப்டான் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று பொதுவாகக் கேட்டால் வலி மாத்திரையை எவரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீரை அளந்து குடிக்கும்படி வேறு மருத்துவர் எவரேனும் சொல்லியிருக்கிறாரா என்பதையும் மறவாமல் கேட்க வேண்டும்.

சொல்வதில் ஐயம் இருந்தால் சிறுநீர் சோதனைப் பட்டை ஒன்று போதும். சிறுநீரின் அடர்த்தியை நீரோடு ஒப்பிட்டுக் காட்டும் ஒப்படர்த்தி 1.020-க்கு மேல் இருந்தால் சிறுநீர் செறிவாக உள்ளது, 1.010-க்குக் கீழ் இருந்தால் நீர்த்துள்ளது என்று கொள்ளலாம். நிறத்தை மட்டும் நம்புவது தவறு: பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டவரின் சிறுநீர் எவ்வளவு நீர் அருந்தினாலும் அடர்மஞ்சளாகவே இருக்கும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உட்கொள்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாக வரும். பட்டையும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. செயல் வெகுவாகக் குறைந்த சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்கவும் முடியாமல், நீர்க்கச் செய்யவும் முடியாமல் 1.010-ஐ ஒட்டியே நின்றுவிடும். அத்தகையவரிடம் 1.010 என்ற எண், அவர் போதிய நீர் அருந்தியிருக்கிறார் என்பதற்குச் சான்றாகாது.

நீர் குறைந்திருக்கிறது என்று தெரிந்தவுடன் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிடலாகாது. இதயச் செயலிழப்பு உள்ளவர், டயாலிசிஸில் இருப்பவர், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர், இரத்தத்தில் சோடியம் குறைந்தவர் ஆகியோருக்கு, நல்ல படம் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒரு லிட்டர் நீரைப் புகட்டுவது ஆபத்தில் கொண்டுபோய் விடும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. டோல்வாப்டான் உட்கொள்பவர் நாள் முழுவதும் மிகுதியாகச் சிறுநீர் கழிப்பார். ஸ்கேனுக்காக அவரைத் தண்ணீர் குடிக்காமல் நிறுத்தி வைத்தால் சோடியம் ஏறிவிடும். இந்த இரு வகையினரிடமும் நீர் அளவை மாற்ற முற்படாமல், உள்ள நிலையை அப்படியே குறித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும்.

## அறிகுறி 1: காண்ட்ராஸ்ட் செலுத்திய பின் சிறுநீர் வழி ஒளிராமல் கறுத்துக் கிடக்கிறது

மிகுதியாக அஞ்ச வைப்பதும், மிகுதியாகத் தவறாக வாசிக்கப்படுவதும் இந்த அறிகுறிதான். காண்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியத்தைச் செலுத்திச் சில நிமிடங்கள் கழித்து எடுத்த டி1 படத்தில் (மருந்து கலவாத நீர் கறுப்பாகத் தெரியும் பட வகை), சிறுநீர் வந்து சேரும் பெல்விஸும் அதன் கிண்ணங்களும் வெண்மையாக ஒளிர வேண்டும். அதற்கு மாறாக அங்கே ஒரு கரும்பொட்டோ கரும்பட்டையோ தெரிந்தால், கல், இரத்தக் கட்டி, புற்று என்று மனம் ஓடுகிறது.

### சிறுநீர் செறிந்திருப்பது

முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான். கடோலினியம் ஓரளவுக்குச் செறிந்தால் டி1 படத்தில் ஒளி கூடும். அளவு மீறிச் செறிந்தால் ஒளியை முற்றிலும் அழித்துவிடும். நீர் குறைந்த உடலில் சிறுநீரகம் நீரை மீட்டுக்கொண்டே போவதால், மருந்து சிறுநீரில் இந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடுகிறது.

அடையாளம் காணச் சிறுநீர்ப்பையைப் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்திருப்பவரின் சிறுநீர்ப்பையில், மேலே மருந்து கலவாத பழைய சிறுநீர் கறுப்பாகவும், நடுவே நீர்த்த மருந்து வெண்மையாகவும், முதுகுப்பக்கம் செறிந்த மருந்து மீண்டும் கறுப்பாகவும் மூன்று அடுக்குகளாகத் தெரிந்தால், பெல்விஸில் உள்ள கறுப்பும் அதே செறிவால் வந்தது என்று ஏறத்தாழ முடிவு கட்டலாம். ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: கல்லும் கீழ்நோக்கியே தங்கும்.

ஆகவே அடுத்த சோதனை, காண்ட்ராஸ்டுக்கு முன் எடுத்த, நீர் வெண்மையாகத் தெரியும் டி2 படம். அதில் அதே இடம் முழுவதும் வெண்மையாக இருந்தால் அங்கே கல்லும் இல்லை, கட்டியும் இல்லை. காண்ட்ராஸ்டுக்குப் பின் எடுத்த டி2 படத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் செறிந்த கடோலினியம் டி2-விலும் சிறுநீரைக் கறுக்கச் செய்யும். நேரம் மிச்சப்படுத்துவதற்காக டி2 வரிசையைக் காண்ட்ராஸ்டுக்குப் பின்னால் தள்ளி வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; அன்று தவறவிட்ட அந்தப் படத்தை அதே நாளில் மீட்டெடுக்க வழியே இல்லை.

### எக்கோ நேரம் நீண்டிருப்பது

டி1 கிரேடியன்ட் வரிசையில் (படம் எடுக்கும் ஒரு முறை) எக்கோ நேரத்தை, அதாவது துடிப்பு அனுப்பியதிலிருந்து சமிக்ஞையைப் பிடிக்கும் வரையுள்ள நேரத்தை, இயன்ற அளவு குறைத்து மீண்டும் எடுத்துப் பார்க்கலாம். கறுப்பின் பரப்பு சுருங்கினால் அது செறிவால் வந்த கறுப்பே. எக்கோ நேரம் நீள நீளக் கறுப்பு பரவினாலும் அதே முடிவுதான். இதற்குச் செலவு ஒரு மூச்சடக்கும் நேரம் மட்டுமே.

### படுக்கை நிலையும் காத்திருப்பும்

நீர் அருந்தத் தடையில்லாதவராயின் எழுந்து அமரச் செய்து, நீர் அருந்தவிட்டு, சிறுநீர் கழிக்கச் சொல்லி, கால் மணி நேரம் போல் கழித்து மீண்டும் எடுத்தால் பெரும்பாலும் கறுப்பு கலைந்துவிடும். எழுந்து நடப்பதே மருந்தையும் சிறுநீரையும் கலக்கிவிடும். எழ முடியாதவரை ஒருக்களித்தோ குப்புறவோ படுக்க வைத்து எடுத்துப் பார்க்கலாம்.

### லாசிக்ஸும் சலைனும்

சிறுநீர் வழியைக் காண்பதே நோக்கமாக உள்ள யூரோகிராபிக்கு, காண்ட்ராஸ்டுக்குச் சற்று முன் பெரியவர்களுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை லாசிக்ஸை நரம்பு வழியே செலுத்துவது பல நாடுகளிலும் உள்ள நடைமுறை. அது சிறுநீரை நீர்க்கச் செய்து, வழியையும் விரியச் செய்கிறது. ஏற்கெனவே வறண்டு வந்தவருக்குச் சலைன் இன்றி லாசிக்ஸ் மட்டும் கொடுப்பது அவரை மேலும் வறளச் செய்யும். இரத்த அழுத்தம் குறைந்தவர், சிறுநீரே வராதவர், அம்மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர் ஆகியோருக்கு இது ஆகாது. சலைனைக் காந்த அறைக்குள் ஏற்ற நேர்ந்தால் காந்தத்தால் ஈர்க்கப்படாத தாங்கியில் தொங்கவிட்டுச் சொட்ட விட வேண்டும்; வார்டிலிருந்து வந்த மின் பம்போடு நோயாளியை உள்ளே அழைத்துவிடக் கூடாது.

மருத்துவரை அழைக்க வேண்டிய கட்டம்: நீர்க்கச் செய்து மீண்டும் எடுத்த பின்னும் கறுப்பு அதே இடத்தில், அதே வடிவில், பெல்விஸின் சுவரை ஒட்டி நின்றாலும், காண்ட்ராஸ்டுக்கு முந்தைய டி2 படத்திலும் அது தெரிந்தாலும், உடனே கதிரியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகம் வடிகட்டும் வேகமான ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழ் உள்ளவருக்கு எந்தக் கடோலினிய மருந்து என்பதைக் கதிரியல் மருத்துவர் முடிவு செய்யாமல் ஊசியைத் தொடக் கூடாது. 1997-இல் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டு, 2006-இல் கடோலினியத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட தோல் இறுக்க நோய் இத்தகையவர்களிடமே தோன்றியது.

## அறிகுறி 2: காண்ட்ராஸ்ட் இல்லாத யூரோகிராபியில் சிறுநீர்க்குழாய் துண்டு துண்டாகத் தெரிகிறது

### குழாயின் இயல்பான அசைவு

சிறுநீர்க்குழாய் சுருங்கி விரிந்து சிறுநீரைத் தள்ளுவதால், ஒரே கணத்தில் எடுத்த படத்தில் அது முழு நீளமும் தெரியாமல் போவது இயல்பு. ஒரே தடித்த படலத்தை, அதாவது உடலின் ஓர் அடுக்கை, சில நொடி இடைவெளியில் பல முறை எடுத்து வரிசையாக ஓட்டிப் பார்த்தால், விடுபட்ட பகுதி மாறிக்கொண்டே இருக்கும். இடம் மாறும் இடைவெளிக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை.

### சிறுநீர் போதாமை

எல்லாப் படத்திலும் குழாய் மெலிந்தே தெரிந்தால், ஓடும் சிறுநீரே குறைவு என்று பொருள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. நீர் கொடுத்தால் சிறுநீர் பெருகும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்கேனுக்குச் சற்று முன் குடித்த நீர் இரைப்பையிலும் சிறுகுடலிலும் நின்று, டி2 படத்தில் சிறுநீரைப் போலவே வெண்மையாக ஒளிர்ந்து குழாயை மறைத்துவிடும். எனவே வாய்வழி நீரை ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே முடித்துவிட வேண்டும். அவ்வளவு நேரம் இல்லையெனில் மருத்துவர் ஒப்புதலோடு சலைன் ஏற்றுவதே நல்லது.

பித்தக் குழாய்ப் படமும் அதே அமர்வில் வேண்டுமென்றால் அதை முதலில் எடுத்துவிட்டு, பிறகு நீர் கொடுக்க வேண்டும். பித்தக் குழாய்ப் படத்துக்குக் குடலின் வெண்மையை அடக்க அன்னாசிச் சாறு கொடுக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. அதிலுள்ள மாங்கனீசு டி2 படத்தில் குடலைக் கறுக்கச் செய்கிறது. அதே மாங்கனீசு டி1 படத்தில் குடலை ஒளிரச் செய்துவிடுவதால், சிறுநீரகத்துக்கும் சேர்த்துப் படம் எடுக்கும் நாளில் அதைக் கொடுத்திருப்பதைப் படம் வாசிப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். சிறுநீரகப் படத்துக்கு மட்டும் வந்தவருக்கு வெறும் தண்ணீரே ஏற்றது. பழச்சாறு, காபி, தேநீர் எதுவும் வேண்டியதில்லை.

### உண்மையான அடைப்பு

எத்தனை முறை எடுத்தாலும் குழாய் ஒரே இடத்தில் நின்று, அதற்கு மேற்பகுதி விரிந்திருந்தால் அது அடைப்பு. இங்கே நிறுத்த வேண்டும். கடுமையான பக்கவலியோடு வந்தவருக்கு, அடைப்பைத் தெளிவாகக் காண்பதற்காக நீரையும் லாசிக்ஸையும் கூட்டுவது, அடைபட்ட பக்கத்தில் அழுத்தத்தை ஏற்றி வலியைப் பெருக்கும். கிண்ணத்தின் ஓரம் கிழிந்து சிறுநீர் கசியவும் கூடும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் படத்தை முடிப்பதைவிட யூராலஜிஸ்டை வரவழைப்பதே முதல் வேலை.

## அறிகுறி 3: பெல்விஸ் விரிந்திருக்கிறது, ஆனால் அடைப்பு எதுவும் தென்படவில்லை

### சிறுநீர்ப்பை நிறைந்திருப்பது

இருபுறமும் லேசாக விரிந்திருந்தால் முதலில் சிறுநீர்ப்பையின் அளவைப் பார்க்க வேண்டும். அது புடைத்திருந்தால் கழிப்பறைக்கு அனுப்பி, கால் மணி நேரம் கழித்து ஒரே ஒரு டி2 வரிசையை மீண்டும் எடுத்தால் போதும். பெல்விஸ் சுருங்கியிருந்தால் இரு படங்களையும் சேர்த்துக் காட்டி, சிறுநீர் கழிக்கும் முன், கழித்த பின் என்று தெளிவாகப் பெயரிட வேண்டும். பெயரிடாமல் அனுப்பினால் விரிந்த படம் மட்டும் அறிக்கையில் ஏறி, நலமான ஒருவர் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குதல்) என்ற பெயரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக மருத்துவரைத் தேடி அலைய நேரும். வடிகுழாய் பொருத்தியவராயின் அது மடங்கியோ மூடியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பநிலை உணரி உள்ள வடிகுழாய் தீக்காயத்தை உண்டாக்க வல்லது, அது எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதென்று தயாரிப்பாளரின் குறிப்பில் உறுதியாகாமல் உள்ளே அனுப்பக் கூடாது.

### நீர் மிகுதி

சிறுநீர் கழித்த பின்னும் லேசான விரிவு எஞ்சி, அவர் சற்று முன்னர் ஒரு லிட்டருக்கு மேல் அருந்தியிருந்தால், பெருகி ஓடும் சிறுநீரே அதற்குக் காரணமாக இருக்கலாம். இதில் அவசரமில்லை. வழக்கம்போல் நீர் அருந்தும் மற்றொரு நாளில் அல்ட்ராசவுண்ட் பார்த்தால் தெளிவாகிவிடும்.

### கருவுற்றவரும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரும்

கருவுற்றவரிடம், சிறப்பாக வலப்புறத்தில், விரிவு காண்பது இயல்பே. இடுப்புக் குழியில் வைக்கப்பட்ட மாற்றுச் சிறுநீரகத்திலும் லேசான விரிவு அடிக்கடி தென்படும். ஆனால் மாற்றுச் சிறுநீரகத்துக்கு நரம்புத் தொடர்பு இல்லாததால், அடைப்பு வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். ஆகவே அவரிடம் நீர் மிகுதி என்று நாமே முடிவு கட்டிவிடாமல், சிறுநீரகச் செயலைக் காட்டும் கிரியாட்டினின் இரத்த அறிக்கையோடு நெஃப்ராலஜிஸ்டிடம் விட்டுவிட வேண்டும்.

### விட்டு விட்டு வரும் அடைப்பு

இது எல்லாவற்றினும் நுட்பமானது. பெல்விஸும் சிறுநீர்க்குழாயும் சேரும் இடத்தில் குறை உள்ளவருக்கு, நீர் குறைவாக அருந்தும் நாளில் படம் ஏறத்தாழ இயல்பாகவே இருக்கும். நீர் மிகுந்த நாளில்தான் பெல்விஸ் புடைத்து வலி எழும். "தண்ணீர் நிறையக் குடித்தால்தான் பக்கத்தில் வலிக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை அப்படியே படிவத்தில் எழுத வேண்டும். அத்தகையவரைப் பட்டினியும் வறட்சியுமாக வைத்து எடுத்த இயல்பான படம், நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. மருத்துவர் மேற்பார்வையில் நீரும் லாசிக்ஸும் கொடுத்து சிறுநீர் ஓட்டத்தைத் தொடர்ந்து எடுக்கும் யூரோகிராபியோ, சிறுநீர் வடியும் வேகத்தைக் காட்டும் அணுக்கரு மருத்துவ ரீனோகிராமோ தேவை என்பதை அறிக்கை சொல்ல வேண்டும்.

## அறிகுறி 4: போல்ட் அளவீட்டில் அகணியின் மதிப்பு வருகைக்கு வருகை மாறுகிறது

சிறுநீரகத்தின் உட்பகுதியான அகணி போன்ற இடங்களின் ஆக்சிஜன் நிலையை மறைமுகமாகக் காட்டும் போல்ட் முறையில், ஆர்2 ஸ்டார் மதிப்பு (சமிக்ஞை மங்கும் வேகம்) கூடினால் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாக வாசிக்கிறோம். உடலின் நீர் அளவுக்கு இத்துணை இணங்கி ஆடும் அளவீடு சிறுநீரக எம்.ஆர்.ஐ.யில் அரிது. ஆகவே ஒருவரின் மதிப்பு மூன்று மாதத்தில் மாறியது என்று எழுதுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றை இந்த வரிசையிலேயே ஆராய வேண்டும்.

### வாயுவும் மூச்சும்

இடச் சிறுநீரகத்தை ஒட்டிய குடலில் வாயு இருந்தால் அந்த ஓரம் மட்டும் கறுத்து மதிப்பு ஏறிவிடும். மிக நீண்ட எக்கோ நேரத்தில் எடுத்த படத்தைத் திறந்து பார்த்தால் கறுப்பு எங்கிருந்து பரவுகிறது என்பது தெரியும். மூச்சை வெளிவிட்ட நிலையில் அடக்கச் சொல்லி மீண்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் அடக்குவதற்கு அதுவே எளிது.

### அளந்த இடம் மாறியது

அகணியில் சிறு வட்டம் வரைந்து அளப்பவர், வட்டம் சற்று நகர்ந்தாலே வேறு எண்ணைப் பெறுவார். இதைத் தவிர்ப்பதற்காகவே, சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் சிறுநீரகத்தை வெளியிலிருந்து உள்ளாகப் பன்னிரண்டு அடுக்குகளாகப் பிரித்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தனர். அந்த மென்பொருள் இல்லாத இடத்திலும், ஒரே நபர் பழைய வட்டங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்தால் பெரும்பகுதிக் குழப்பம் குறையும்.

### நீரும் உப்பும்

ஆராய்ச்சிகளில் எடைக்குக் கிலோவுக்கு 20 மி.லி. என்ற கணக்கில் நீரைக் கால் மணி நேரத்தில் அருந்தச் செய்தபோது, இளம் வயதினரின் அகணியில் ஆர்2 ஸ்டார் தெளிவாக இறங்கியது. முதியவர்களிடம் அவ்வாறு இறங்கவில்லை. பாஸ்டனில் பிரசாத், எப்ஸ்டைன் இருவரும் 1999-இல் வெளியிட்ட இந்த முடிவு நடைமுறைக்கு மிக முக்கியமானது. இருபது வயதினரின் இரு வருகைகளில் ஒன்று வறட்சியிலும் மற்றொன்று நீர் அருந்திய பின்னும் நிகழ்ந்தால், நோயே இல்லாமல் பெரிய வேறுபாடு தோன்றும். எழுபது வயதினரிடம் அதே வேறுபாட்டைக் கண்டால் அதை நீரின் மேல் மட்டும் சுமத்திவிட முடியாது. உப்பு மிகுந்த உணவும் அகணியின் மதிப்பை உயர்த்துவது கண்டறியப்பட்டிருப்பதால், ஊறுகாயும் கருவாடுமாகக் கழிந்த வாரத்தையும் உப்பைக் குறைத்த வாரத்தையும் ஒப்பிடுவது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

தீர்வு, எல்லோருக்கும் நீரைக் கூட்டுவது அன்று; ஒவ்வொரு வருகையிலும் ஒரே நிலையில் நிறுத்துவதே. ஒரே நேரம், ஒரே பட்டினி அளவு, அதற்குள் அனுமதித்த ஒரே அளவு வெறும் நீர், ஸ்கேனுக்குச் சற்று முன் கழித்த சிறுநீர், அதன் ஒப்படர்த்தி ஆகியவற்றை வருகைதோறும் குறித்தால், பின்னால் வாசிப்பவருக்கு எண்ணின் பொருள் விளங்கும். சிறுநீரக எம்.ஆர்.ஐ. அளவீடுகளை நாடுகளுக்கிடையே ஒரே முறைக்குக் கொண்டுவர ஐரோப்பாவில் பேரன்கிமா என்ற கூட்டு முயற்சி எடுக்கப்பட்டு, 2020-இல் பரிந்துரைகள் வெளிவந்தன. வரிசைகளின் எண்களை அங்கிருந்து எடுத்துக்கொள்பவர்கள் நோயாளியின் தயாரிப்பிலும் அதே கண்டிப்பைக் கடைப்பிடிக்க வேண்டும்.

### மருந்துகள்

லாசிக்ஸ் அகணியின் ஆர்2 ஸ்டாரைத் தெளிவாக இறக்கும். 1996-லேயே இது மனிதரில் காட்டப்பட்டுவிட்டது. வலி மாத்திரைகள் எதிர்ப்பக்கம் வேலை செய்து, நீர் அருந்தியதால் வர வேண்டிய இறக்கத்தைத் தடுக்கின்றன. இரத்தசோகைக்காக நரம்பு வழியே இரும்பு ஏற்றிக்கொண்டவரிடமும் இரத்தம் சிதையும் நோய் உள்ளவரிடமும் இரும்பின் தாக்கம் ஆக்சிஜன் குறைவைப் போல வேடமிடும். சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணி முழுவதும் டி2 படத்தில் கறுத்திருந்தால் இரும்பைப் பற்றிக் கேட்க வேண்டும். கடோலினியம் செலுத்திய பின் எடுத்த போல்ட் படத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

### கருவி

1.5 டெஸ்லாவில் எடுத்ததையும் 3 டெஸ்லாவில் எடுத்ததையும் ஒப்பிட முடியாது. காந்தப் புலம் கூடினால் ஆர்2 ஸ்டாரும் கூடும். ஒரே கருவியில், வெவ்வேறு நாளில் வந்த தொடர்பில்லாத பலரின் மதிப்புகளும் ஒரே திசையில் நகர்ந்திருந்தால் மட்டுமே கருவியை ஐயப்பட வேண்டும். அப்போது மதிப்பு முன்பே தெரிந்த மாதிரிப் பொருளை வைத்து அளந்து, மருத்துவ இயற்பியலாளரையும் சர்வீஸ் பொறியாளரையும் அழைக்க வேண்டும். ஒரே ஒருவரின் எண் மாறியதற்காகப் பொறியாளரை வரவழைப்பது செலவு மிகுந்த தவறு.

## அறிகுறி 5: டிஃப்யூஷன் படத்தில் ஏ.டி.சி. மதிப்பு முந்தையதோடு ஒத்துவரவில்லை

டிஃப்யூஷன் படம் திசுவில் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு எளிதாக அசைகின்றன என்பதைக் காட்டும்; ஏ.டி.சி. அதன் எண். முதலில், அந்த அசைவை எவ்வளவு கூர்ந்து அளக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கும் பி மதிப்புகள் ஒன்றாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். குறைந்த பி மதிப்புகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் இரத்த ஓட்டமும் நுண்குழாய்களில் ஓடும் சிறுநீரும் கணக்கில் கலந்து மதிப்பை உயர்த்தும். அந்த ஓட்டமே நீர் அளவோடு மாறுவது. அடுத்து, வட்டம் பெல்விஸின் சிறுநீரைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் பெல்விஸ் விரிந்திருக்கும் நாளில் இது எளிதில் நேர்கிறது. இவை இரண்டும் சரியாக இருந்தால் நீர் அருந்திய குறிப்பை ஒப்பிடலாம். வறண்ட நிலையிலிருந்து நீர் அருந்திய பின் ஏ.டி.சி. ஏறுவதை 1990-களிலேயே கண்டறிந்துள்ளனர். ஆனால் போல்ட் அளவுக்கு இதில் ஒரே சீரான மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. இயல்பாக நீர் அருந்தும் ஒருவரிடம், ஒரு பக்கத்தில் மட்டும் ஏ.டி.சி. குறைந்திருந்தால் அதை நீரின் மேல் சுமத்தக் கூடாது. உடலில் உள்ள நீர் இரு சிறுநீரகங்களுக்கும் பொது. ஒருபக்கக் குறைவுக்குச் சீழ், அடைப்பு, இரத்த ஓட்டத் தடை ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கக்கூடும் என்பதால் அன்றே கதிரியல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

## அறிகுறி 6: புறணிக்கும் அகணிக்கும் இடையிலான எல்லை மங்கியிருக்கிறது

நலமான சிறுநீரகத்தில் 1.5 டெஸ்லாவில் புறணியின் டி1 (துடிப்புக்குப் பின் திசு பழைய நிலைக்கு மீளும் நேரம்) ஏறத்தாழ 1000 மில்லிசெகண்டும், அகணியின் டி1 ஏறத்தாழ 1400 மில்லிசெகண்டும் இருப்பதால், டி1 படத்தில் புறணி வெளுப்பாகத் தெரிகிறது. எல்லை மங்கினால் முதலில் வரிசையின் அமைப்பைப் பார்க்க வேண்டும். கொழுப்பை அடக்கிய டி1 படத்தில் தெளிவாகத் தெரியும் எல்லை, அடக்காத படத்தில் மங்கலாகவே இருக்கலாம். அடுத்து மூச்சு அசைவு. அதன் பின்னரே நீர் அளவு: எல்லையின் தெளிவு அதற்கேற்பச் சற்று வேறுபடும் என்றாலும், முழுவதும் மறைந்துபோகும் அளவுக்கு அது மாற்றுவதில்லை என்றே நான் கொள்கிறேன். எல்லை முற்றிலும் மறைந்திருந்தால் கிரியாட்டினின் கேட்க வேண்டும், ஏனெனில் செயல் குறைந்த சிறுநீரகத்தின் நெடுநாள் அறிந்த அடையாளம் அது. டி1 மேப்பிங் வசதி இருந்தால் கண்ணை நம்பாமல் எண்ணை எடுத்துக்கொள்வது நன்று.

## அறிகுறி 7: பிற்பகுதிப் படங்கள் மட்டும் ஆடியிருக்கின்றன

தொடக்கத்தில் கூர்மையாக வந்த படங்கள் அரைமணி நேரத்துக்குப் பின் ஆடினால், சமிக்ஞையைப் பிடிக்கும் காயிலைச் சோதிப்பதற்கு முன் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: சிறுநீர் முட்டுகிறதா? குடித்த நீர் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முழு வேகத்தோடு சிறுநீராக இறங்கும். லாசிக்ஸ் கொடுத்திருந்தால் அது சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். மேசையில் ஏறுவதற்கு முந்தைய நிமிடத்தில் கழிப்பறைக்கு அனுப்புவதும், அசைவு தாங்காத டிஃப்யூஷன், போல்ட் வரிசைகளை முதலில் வைப்பதும், இடையில் இறங்க வேண்டியிருந்தால் தயங்காமல் மணியை அழுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்வதும் இதற்குப் போதும். பெண்களில் பலர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு இறுதிவரை தாங்கிக்கொள்கிறார்கள். கேட்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

## அறிகுறி 8: பலகட்டிச் சிறுநீரகத்தின் மொத்தக் கன அளவு எதிர்பாராமல் குறைந்திருக்கிறது

சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரைப் பலகட்டி நோயில் மொத்தக் கன அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடுவதே இயல்பு. குறைந்திருந்தால் முதலில் எல்லை வரைந்த முறையையும், படலங்களுக்கிடையே விடுபட்ட இடைவெளியையும், ஒரு சிறுநீரகத்தின் நுனி படத்துக்கு வெளியே போனதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். பிறகு டோல்வாப்டான் அண்மையில் தொடங்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். தொடங்கிய ஒரு வாரத்திலேயே கன அளவு சிறிதளவு இறங்குவது அறியப்பட்ட விளைவு. அவ்வாறாயின் தொடங்கிய தேதியை அறிக்கையில் குறித்து, அடுத்த ஒப்பீட்டுக்கு இந்தப் படத்தையே அடிப்படையாகக் கொள்ளலாமா என்பதை நெஃப்ராலஜிஸ்டிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அடுத்த வருகையிலும் மாத்திரை உட்கொண்ட நேரத்திலிருந்து ஏறத்தாழ அதே இடைவெளியில், வழக்கம்போல் நீர் அருந்தவிட்டு, அதே வரிசையில் படம் எடுக்க வேண்டும்.